தங்கத் தண்ணி

தேயிலை மலையூரான தானா ராத்தாவின் பஸ் நிலையத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். முடி கொட்டிய தலையில் கம்பளித் தொப்பி. பேசுவதற்கு முன் அதைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்வார். தேயிலை எஸ்டேட்டில் இருப்பவர், கான்சர் சிகிச்சைக்காக ஈப்போ நகர ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார் என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது.

நான் தேயிலைக் கொழுந்து வாங்க வந்திருந்தேன். தேயிலைச் சாற்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைச் செய்து, அவற்றால் ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டியைத் தெளிவாகக் காட்ட முடியுமா என்பது எங்கள் பல்கலைக்கழக ஆய்வு.

அப்போது ஒருவன் சிறு புட்டிகளோடு வந்து, அவர் கையில் ஒன்றைத் திணித்தான்.

"தேயிலைத் தங்கத் தண்ணிம்மா. குடிச்சா கான்சர் கரைஞ்சிடும் லா. யுனிவர்சிட்டியிலயே கண்டுபிடிச்சது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய். அது நாங்க செய்ற ஆய்வு. குடிக்கிற மருந்தே இல்ல, ஸ்கேன் படம் எடுக்கத்தான். இன்னும் எந்த மனுஷனுக்கும் கொடுத்துப் பார்க்கல" என்றேன்.

அந்த அம்மா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, புட்டியைத் திறந்து அவனிடமே நீட்டினார். "நீ குடி, பார்ப்போம்."

அவன் குடிக்கவில்லை. ஆட்கள் திரும்பிப் பார்க்கவும் நழுவிவிட்டான். தண்ணியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"உங்களோடது எப்ப ஆஸ்பத்திரிக்கு வரும் சார்?"

"பல வருஷம் ஆகும்மா. வராமலும் போகலாம்."

"அவன் பொய் சொன்னான், நீங்க உண்மையைச் சொல்றீங்க. ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

ஈப்போ பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். புட்டிக்காரனை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் என்னை உட்காரவிடாதது அந்த அம்மாவின் கேள்விதான்.