கரண்ட் போனால் முகம் வெளுக்கும்

லேப்டாப் திரையில் தெரிகிற கலரை நம்பி போட்டோ பிரிண்டுக்கு அனுப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற தொழில். இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, நீங்களாவது பிரிண்ட் போடும் லேபுக்குப் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். நான் ஸ்டுடியோ வைத்திருந்தது கொல்லிமலை உச்சியில், செம்மேட்டில். டிஜிட்டல் கேமரா வந்த புதுசு. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் படத்தைச் சரிசெய்து, சி.டி.யில் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேந்தமங்கலத்தில் சாதிக் பாய் லேபில் கொடுத்தால்தான் பிரிண்ட். கலர் தப்பினால் மறுபடியும் எழுபது.

ஆளுக்கொரு நிறம்

மலையிலேயே இருக்கிற அரியூர் நாட்டிலிருந்து பெரியசாமி அண்ணன் மனைவியையும் மகள் செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்தார். செல்வி டீச்சர் டிரெயினிங் முடித்த பெண், நல்ல மாநிறம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஒரு போட்டோ வேண்டும். எடுத்து, லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். நின்றுகொண்டு பார்த்த அண்ணன், "ஏனுங்க, இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றார். கீழே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அந்த அக்கா, "வெளுப்பா? கருகருன்னு இருக்குதுங்க!" என்றார்.

அந்தக் காலத்துத் திரைகளின் லட்சணம் அது. மேலிருந்து பார்த்தால் ஒரு கலர், கீழிருந்து பார்த்தால் ஒரு கலர். நான் மூடியை முன்னும் பின்னும் சாய்க்க, இருவரும் மாற்றி மாற்றிச் சண்டை போட, செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணா, யாரு ஒசரத்துக்கு என் கலரை முடிவு பண்ணப் போறீங்க?"

பாயின் தீர்ப்பு

அவர்கள் கிளம்பியதும் கரண்ட் போய்விட்டது. மலையில் அது தினப்படி கதை. பேட்டரியில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். செல்வியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. படத்தில் வெளிச்சத்தை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். பிரமாதம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாதிக் பாய் கொடுத்த பிரிண்டைப் பார்த்ததும் பகீரென்றது. சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு கண் வரைந்த மாதிரி செல்வி. உடனே பழியை மெஷின்மேல் போட்டேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன். சேந்தமங்கலத்திலேயே காத்திருந்த கல்யாணத் தரகரிடம் படத்தைச் சேர்த்துவிடச் சொல்லியிருந்தார் அண்ணன். தரகரோ லேப் வாசலில் நின்று அவசரத்தில் பறந்துகொண்டிருந்தார். கொடுத்துத் தொலைத்தேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"மெஷினு காலையில இருந்து ஊருச் சனத்துக்கெல்லாம் படம் போட்டுருக்குதுங்க, நீங்க கொண்டாந்த மூஞ்சி மட்டுந்தான் வெளுத்திருக்குது."

அக்காவா?

மாப்பிள்ளை வீட்டார் வந்து போன மறுநாள் காலையில் பெரியசாமி அண்ணன் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் போட்டோவை மேசைமேல் வைத்தார். காப்பியைக் குடித்து முடித்த மாப்பிள்ளையின் அத்தை, செல்வியை ஏற இறங்கப் பார்த்து, "போட்டோவுல இருக்கறது இவளோட அக்காங்களா?" என்று கேட்டாளாம். சபை நடுவில். செல்வியின் அம்மா அதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு இடம் வருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் கைக்குப் போட்டோ போக வேண்டும் என்றார். படியிறங்கும்போது திரும்பினார்.

"இந்தத் தடவையும் எம்புள்ள தலை குனிஞ்சா, அப்பறம் இந்தக் கடைய நீ தொறக்க மாட்ட சாமி."

பக்கத்தில் ஒரு கை

அடுத்த நாள் அம்மாவோடு செல்வி வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். படம் வந்தது, பட்டென்று கரண்ட் போனது. "அண்ணா, கரண்டு போனதும் உங்க பொட்டியும் மங்குதுங்களே?" என்றாள்.

ஐயோ! பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்தச் சனியன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. தினம் தினம் கண்ணெதிரே நடந்தது. அந்த மங்கலைச் செல்வியின் முகம் என்று நினைத்து வெள்ளையடித்திருக்கிறேன், மடையன்.

கரண்ட் வரும்வரை மூவரும் காத்திருந்தோம். வந்ததும் நான் வெள்ளையடித்த படத்தைத் திரையில் திறந்து, வெளுத்துப்போன அந்தப் பிரிண்டை அதற்குப் பக்கத்தில் பிடித்து, திரையிலும் அதே வெளுப்பு தெரிகிறவரை திரையின் வெளிச்சத்தைத் திருகினேன். இப்போது திரை பொய் சொல்லாது. பிறகு கை வைக்காத பழைய படத்தை எடுத்தேன். செல்வி தன் கையைத் திரையோரம் நீட்டினாள். கையைப் பார்ப்பது, முகத்தைத் திருத்துவது, மறுபடி கையைப் பார்ப்பது. ஒருவழியாக இரண்டும் ஒன்றானது. அக்கா மெதுவாக, "கொஞ்சூண்டு மட்டும் வெளுப்பாக்கிருங்க கண்ணு" என்றார். எனக்கும் சபலம் தட்டியது. செல்வி கையை எடுக்கவில்லை.

"இதுக்கு மேல துளி வெளுத்தாலும் ஞாயித்துக்கெழம நான் கதவத் தொறக்க மாட்டேம்மா."

ஞாயிற்றுக்கிழமை

பிரிண்ட் வந்தபோது நான் பார்க்கவே இல்லை, தைரியம் இல்லை. பாயே கவரில் போட்டுத் தரகரிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நாலு மணி வாக்கில் ஷட்டருக்குக் கீழே பெரியசாமி அண்ணனின் செருப்பு தெரிந்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து உள்ளே வந்து, என் தோளைப் பிடித்து அழுத்தினார். கண் கலங்கியிருந்தது. வந்தவர்கள் தேதி குறிக்கச் சொல்லிவிட்டுப் போனார்களாம். மாப்பிள்ளையின் அம்மா வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"படத்துல இருக்கற புள்ளையேதானுங்க கதவத் தொறந்துச்சு!"

ஆகவே சக பாவிகளே, உங்கள் லேப்டாப் எத்தனை லட்சம் கலர் காட்டினாலும், யார் முகத்திலாவது கை வைக்கும் முன் பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.