முதல் வெடி வெறும் வெடி

துப்பாக்கியைப் பற்றி யாராவது ரசித்துப் பேச ஆரம்பித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எழுந்து போய்விடுவேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் உண்டு. இவளுக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் அப்பா சாயாக்கடை வைத்திருந்தார். தோசைக்கல் என் பொறுப்பு. மொழிவாரி மாநிலம் பிரிக்கவிருந்த காலம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்த வருஷங்கள். ஆனால் எங்கள் கடை பெஞ்சில் சாயங்காலமானால் எல்லைப் பேச்சு இல்லை, துப்பாக்கிப் பேச்சுதான். பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பர்மா வரை போய்த் திரும்பிய பட்டாளத்துக்காரர். இன்னொருவர் அம்பூரி மலையில் ரப்பர் வைத்து, லைசன்ஸ் துப்பாக்கியால் பன்றி சுடுகிறவர். இரண்டு பேரையும் நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

பட்டாளத்து மாமாவுக்கு ரிவால்வர்தான் தெய்வம். அம்பூரி மாமா பிஸ்டல் கட்சி. அவர் பிஸ்டலைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"ரிவால்வர் சிக்காது, கேட்டியா. ஒரு குண்டு சதிச்சா மறுபடி இழு, அடுத்தது வந்து நிக்கும்."

"ஆறு குண்டுதானே வேய்? பிஸ்டலுல எட்டு உண்டு."

"எட்டு எதுக்கு? எட்டு தடவை தப்புறதுக்கா?"

கடையே சிரிக்கும். குண்டு பட்டால் ஆள் பத்தடி பின்னால் பறப்பான் என்பார் ஒருவர். நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டால் குண்டு ஏறாது என்பார் மற்றவர். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன்.

என் அண்ணன் தறி நெய்கிறவன். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற கால் அவனுக்கு. பக்கத்துத் தறியில் அவன் கூட்டுக்காரன், உயிர்ச் சிநேகிதன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஊர்வலங்களுக்குப் போவார்கள். ஒரு சாயங்காலம் அண்ணன் பெஞ்சு பக்கத்தில் வந்து நின்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அடுத்த ஊர்வலத்துக்கு ரிசர்வ் போலீஸ் துப்பாக்கியோடு வருவதாகப் பேச்சு.

"மாமா, போலீசு வெடி வச்சா என்ன செய்யணும்?"

பட்டாளத்து மாமா சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். "பேடிக்காத மக்கா. முதல் வெடி வெறும் வெடியாக்கும். மருந்தும் காயிதமும் மட்டும்தான் உண்டு. ரெண்டாவதுக்குத்தான் குண்டு வரும். அப்போ படுத்தாப் போரும்."

அண்ணன் அம்பூரி மாமாவைப் பார்த்தான். வழக்கம்போல அவர் மறுப்பார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் தலையை ஆட்டி, "உள்ளதாக்கும். சட்டம் அப்படித்தான்" என்றார்.

ஜென்மத்தில் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. அதனால்தான் அண்ணன் நம்பினான். இல்லாவிட்டாலும் எங்கள் ஊர்க்காரனுக்கு அதை நம்புவது கஷ்டமில்லை. செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துக் கோயில் உற்சவத்தில் கதினா வெடிக்கும்போது, வெறும் மருந்து கிட்டித்த அந்த இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் அசையாமல் நிற்பதுதான் இளவட்டங்களுக்குக் கெத்து. சத்தத்துக்கு விலகி ஓடியவனை அடுத்த உற்சவம் வரைக்கும் கேலி செய்வார்கள். சத்தம் வேறு, அடி வேறு என்று பழகிய கூட்டம்.

ஊர்வலம் சந்தை முக்கில் திரும்பியபோது போலீஸ் சுட்டது. முதல் வெடியிலேயே அண்ணனுக்கு முழங்காலுக்கு மேலே குண்டு ஏறியது. கூட்டுக்காரன் அங்கேயே செத்துப்போனான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் அண்ணனின் காலைக் காப்பாற்றினார்கள். ஆனால் முழங்கால் மடங்காது. இனிமேல் தறிக்குழியில் உட்காரமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று மாமாக்கள் இரண்டு பேரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு சாசரில் எடுத்த குண்டு கிடந்தது. பழத்தைக் கீழே வைக்குமுன் இரண்டு பேர் கண்ணும் குண்டில் போய்விட்டது. பட்டாளத்து மாமா எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ரைபிளாக்கும்."

"போவும் வேய். இவ்வளவு சப்பளிஞ்சு போனா அது மஸ்கட்டுத் துப்பாக்கிதான்."

என் அண்ணன் தொடைக்குள் கிடந்த ஈயம் அது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பேரும் வாதாடினார்கள். அம்பூரி மாமா லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டான். "மாமா, எனக்குப் பட்டது முதல் வெடியாக்கும். முதல் வெடியில குண்டு இருக்காதுன்னுதானே சொன்னிய?"

பட்டாளத்து மாமா குண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எவனோ வெவரமில்லாத போலீசுக்காரன் செய்ததாக்கும் மக்கா. சட்டம் நான் சொன்னதுதான்."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குண்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அம்பூரி மாமாவிடம் திரும்பி, "மாமா, நீங்க மலையில பன்னிய சுடும்போ முதல்ல காயிதம் வச்சா சுடுவிய?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

நான் பட்டாளத்து மாமாவைப் பார்த்தேன். "நீங்க பட்டாளத்துல எத்தனை பேரு மேல வெறும் வெடி வச்சிய? சொல்லும். என் அண்ணன் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போவும்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். "அது ஒரு தமாசுக்குச் சொன்னதாக்கும் பிள்ளே. அவன் உள்ளதுன்னு எடுப்பான்னு ஆரு கண்டா?"

தமாஷ். கையில் கிடைத்திருந்தால் ஆரஞ்சுப் பழத்தையே அவர் முகத்தில் எறிந்திருப்பேன். ஆனால் அண்ணன் என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, மாமாக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் வெடிக்கு முன்னாலேயே ஓடப் பாத்தான்" என்றான். கூட்டுக்காரனைத்தான் சொன்னான். "போலீசு துப்பாக்கிய நீட்டினதும் ஓடப் பாத்தான். நானாக்கும் சட்டையப் பிடிச்சு நிறுத்தினது. நில்லுலே, முதல் வெடி வெறும் வெடின்னு சொன்னேன்."