மாமன் மடி

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்த நாட்டில் அப்பாவின் தம்பியும் அம்மாவின் தம்பியும் ஒன்றுதான். இரண்டு பேருமே 'ஓன்க்ள்'. பாரிஸுக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. சித்தப்பனையும் தாய்மாமனையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டு இவர்கள் எப்படித்தான் நல்லது கெட்டது நடத்துகிறார்களோ! என்னோடு ஓட்டலில் தட்டு கழுவும் மிஹாய் ருமேனியாக்காரன், பள்ளியில் லத்தீன் படித்தவன். அவன்தான் சொன்னான்: அந்தச் சொல் லத்தீனில் 'அவுங்குலுஸ்'. தாத்தா என்ற சொல்லைச் செல்லமாகக் குறுக்கியது, குட்டித் தாத்தா என்பதுபோல. அப்போது அது தாய்மாமனுக்கு மட்டுமே உரியது. அப்பன் கூடப்பிறந்தவனுக்கு வேறு சொல். அந்த வேறு சொல் செத்துப்போக, பிரெஞ்சின் 'ஓன்க்ள்', அவன் மொழியின் 'உன்க்' எல்லாம் இருவருக்கும் பொதுவாகிவிட்டன. "அடப்பாவிகளா, மாமனைத் தொலைச்சுட்டீங்களேடா" என்றேன் தமிழில். புரியாமலே தலையாட்டினான்.

உத்திரமேரூரில் என் அக்கா அலமேலு தன் மகளுக்குக் காது குத்தாமலே வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் நான் ஒருத்தன்தான். எனக்கோ இங்கே இருப்பதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் மூளிக் காதோடு திரிந்தது. அக்கா கேசட்டில் பேசி அனுப்புவாள்: "இன்னாடா தம்பி, எப்பதான் வருவே? எங்க வூட்டுக்காரரு வூட்ல ஏசிக்கினே கீறாங்க. நீ வராம நான் எவன் மடியில உக்கார வைப்பேன்?" ஏரி நிரம்பட்டும், அறுப்பு முடியட்டும், வந்துவிடுகிறேன் என்று நானும் பேசி அனுப்புவேன். வருவேன் என்றுதான் நானும் நம்பினேன்.

போன மாதம் வந்த கேசட்டில் அக்கா பேசவில்லை, மேளம் கேட்டது. "மாமன் எங்கம்மா? வந்து உக்காரச் சொல்லு" என்றார் ஆசாரி. "பிரான்ஸ்ல கீறான்" என்றாள் அக்கா. பிறகு அவள் கொழுந்தன் குரல்: "நான் உக்கார்றேன் அண்ணி, நேரம் ஆவுது." பிள்ளை வீறிட்டது. "தோ, ஆயிடுச்சு, என் தங்கமில்ல" என்று தேற்றினான். நல்ல மனுஷன்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மிஹாய், யார் அழுவது என்று கேட்டான். அக்கா மகள், காது குத்துகிறார்கள் என்றேன். கூட யார் இருக்கிறார்கள் என்றான். சித்தப்பன் என்று சொல்ல என்னிடம் பிரெஞ்சு இல்லை.

"அவளோட ஓன்க்ள்" என்றேன்.

"அப்புறம் என்ன, நல்லதுதானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் கவனித்தேன். நான் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். டேப் ரிக்கார்டர் என் மடியில் அழுதுகொண்டிருந்தது.