அத்தான் பார்க்காத குதிரைகள்

அந்தக் கடையின் வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். ஆட்களின் கைபட்டுக் கைபட்டு ஓரம் கறுத்துப்போன தடித்த துணி. கண்டி பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும் வழியில், ஒரு மருந்துக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் நடுவில் அது இருந்தது. ஆண்கள் தோளால் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வரும்போது தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் வருவார்கள். ஒருநாள் காலை என் அக்கா அந்தத் திரையை இரண்டு கைகளாலும் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் நின்ற என் முகத்தில் அடித்த பீடிப் புகையின் வாசம் இப்போதும் நினைவுக்கு வருகிறது. அவள் அங்கே போனது தன் கணவரான என் அத்தானைத் தேடி அல்ல. அத்தான் அப்போது பொலிஸ் நிலையத்தில் இருந்தார்.

அது ரேஸ் புக்கி என்று ஊர் சொல்லும் பந்தயக் கடை. இங்கிலாந்தில் எங்கோ ஓடும் குதிரைகளுக்குக் கண்டியில் பணம் கட்டுவார்கள். மத்தியானம் பேப்பரைப் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுத்தால், பொழுது சாயும் நேரத்தில் முடிவுகள் வரத் தொடங்கும். அத்தான் வாழ்க்கையில் ஒரு பந்தயக் குதிரையைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்த ஊர்களின் பெயர்களை அவர் சொல்லும்போது ஏதோ தேயிலைத் தோட்டத்துப் பெயர்களைப் போல இருக்கும். ஆனால் எந்தக் குதிரை ஈரத் தரையில் நன்றாக ஓடும், எது கடைசி வளைவில் சோர்ந்துபோகும் என்று கேட்டால் உடனே சொல்வார்.

அவர் அப்படிப்பட்ட மனிதராக இருந்தவர் அல்ல. எங்கள் அம்மா இறந்தபின் நான் அக்காவோடும் அத்தானோடும்தான் கண்டி மஹியாவையில் வளர்ந்தேன். அத்தானுக்கு அப்போது டவுனில் ஒரு பாத்திரக் கடை இருந்தது. கல்யாணச் சீருக்குச் சில்வர் குடம் வாங்கும் தமிழர்களும், பிக்குகளுக்குக் கொடுக்கும் தானத்துக்குப் பெரிய சட்டி வாங்கும் சிங்களவர்களும், நோன்புக் கஞ்சிக்கு அண்டா வாங்கும் முஸ்லிம்களும் வந்துபோவார்கள். ஒரு பாத்திரத்தை விரலால் சுண்டிவிட்டு, அந்தச் சத்தத்தை வாங்குகிறவரும் கேட்கட்டும் என்று சற்று நேரம் பேசாமல் இருப்பார். அவசரம் என்பது அவரிடம் இல்லாத குணம்.

தமிழர் கடைகளைக் கொளுத்திய எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடையும் எரிந்தது. நாங்கள் தஞ்சம் புகுந்திருந்த கோயில் மடத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு, அவரோடு நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். அலுமினியச் சட்டிகள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பெரிய கட்டிகளாகத் தரையில் கிடந்தன. அத்தான் ஒன்றைக் காலால் புரட்டினார். "இதுல எது சட்டி, எது மூடின்னே தெரியல" என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் நல்லது என்று அக்கா பல வருடங்கள் கழித்துச் சொன்னாள்.

பிறகு அவர் ஓர் இரும்புக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். சொந்தக் கல்லாவில் உட்கார்ந்தவர், இன்னொருவர் கடையில் ஆணியை நிறுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். அங்கே கூட வேலை செய்த ஒருவர்தான் அவரை முதலில் பச்சைத் திரைக்குள் கூட்டிப் போனது. முதல் தடவையே ஜெயித்தார். அக்காவுக்குச் சேலையும், ஆசிரியப் பயிற்சிக்குப் போகவிருந்த எனக்குத் தோல் செருப்பும் வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வந்தார். கடை எரிந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். அதனால் நாங்களும் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "ஒரே நாள்ல போனது, ஒரே நாள்ல திரும்பி வந்துரும் பாரு."

அவரைப் பிடித்த நோய் அந்தச் சொல்லில்தான் இருந்தது என்று பின்னாளில் எனக்குத் தோன்றியிருக்கிறது. வருடக்கணக்காகச் சேர்த்ததை ஒரு பகல் பொழுதில் இழந்தவருக்கு, வருடக்கணக்காக உழைத்துச் சேர்ப்பதில் நம்பிக்கை போய்விடுகிறது. அக்கா திட்டும்போதெல்லாம் அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, "அரசாங்கமே அனுமதி குடுத்து, வரியும் வாங்குது. நான் என்ன களவாடவா போறேன்?" என்பது. மற்றதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். டவுனில் தமிழில் பேசவே நாங்கள் குரலைத் தணித்துக்கொண்ட காலம் அது. பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அத்தான் சொன்னார்: "அந்தக் கடைக்குள்ள மட்டுந்தான் என்னைய யாரும் யாருன்னு பாக்குறதில்ல. எல்லாரும் போர்டைத்தான் பாக்குறாங்க."  

வீட்டில் சாமான்கள் குறையத் தொடங்கின. அக்காவின் வளையல்கள் அடகுக்குப் போயின. பிறகு தையல் மெஷின் போனது. அக்கா ஜாக்கெட் தைத்துக் கொடுத்துத்தான் பாதிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஆனால் என்னை அதிகம் வருத்தியது பொருள் போனதல்ல, அக்காவின் மாலை நேரங்கள். அத்தான் எந்த பஸ்ஸில் வரவேண்டும், எதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, இப்போது எந்தச் சந்தியில் இருப்பார் என்று அவள் மனம் ஓயாமல் கணக்குப் போடும். அடுப்பில் கறி தீயும். நான் பேசினால் காதில் விழாது. அவள் மட்டும் அப்படி இல்லை. சம்பள நாளில் பச்சைத் திரைக்கு எதிரே, மழை வந்தாலும் வராவிட்டாலும் குடை பிடித்தபடி சில பெண்கள் நிற்பார்கள். தோட்டத்துக்காரி, நகரசபைத் தொழிலாளியின் மனைவி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்ட முஸ்லிம் பெண். ஒரு சிங்களத்து அம்மாவும் வருவார். அவருடைய மகன் ஆமியில் சேர்ந்து வடக்கில் சண்டையில் இருந்தான் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். அவன் அனுப்பும் சம்பளத்தைத் தகப்பன் அந்தத் திரைக்குள் கொண்டுபோனார். அக்காவும் அந்த அம்மாவும் ஒருவருக்கொருவர் லேசாகத் தலையசைத்துக்கொள்வார்கள். பேசிக்கொண்டதில்லை.

ஒரு மாலையில் நகரில் குண்டு வெடித்தது இப்படிப்பட்ட காலத்தில்தான். மறுநாள் காலை சந்திக்குச் சந்தி ஆட்களை நிறுத்திச் சோதித்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அத்தானை நிறுத்தி, ஐ.சி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் இல்லை. அடையாள அட்டை இல்லாத தமிழ் ஆணுக்கு அந்த நாட்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போன சிலர் திரும்பி வரவேயில்லை. அவரை ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார்.

அக்கா அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.  "ஐ.சி வீட்டுல இல்ல" என்றாள். "எங்க இருக்குமுன்னு எனக்குத் தெரியும். வா." கையில் காசு இல்லாத நாளில் பந்தயக் கடையிலேயே எதையாவது ஈடு வைப்பது அத்தானின் வழக்கம்; முந்தின தினம் தன் உயிரையே காக்கும் அந்த அட்டையை ஒரு குதிரைக்காக அடகு வைத்திருந்தார்.

அப்படித்தான் அக்கா அந்தத் திரையை விலக்கினாள். உள்ளே மர பெஞ்சுகள், சுண்ணாம்புக் கட்டியால் குதிரைகளின் பெயர் எழுதிய கரும்பலகை, கம்பி வலைக்குப் பின்னால் காசு வாங்குகிறவர். அவர் ஒரு முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் நானா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். குண்டு வெடித்த மறுநாளும் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். அக்காவைக் கண்டதும் தலைகள் திரும்பின.

"தங்கச்சி, பொம்பளையாக்கள் வார எடமில்ல இது" என்றார் நானா.

"தெரியும் நானா. வீட்டுக்காரரோட ஐ.சி.யக் குடுங்க. அவரப் பொலிஸ் புடிச்சிட்டாங்க."

நானாவின் முகம் மாறிவிட்டது. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இனி இவர உள்ள விடாதீங்க" என்றாள்.

"லைசன்ஸ் ஈக்கிற கட தங்கச்சி. வாரவங்கள வராதேண்டு செல்ல எனக்கேலா" என்றார் அவர். லாச்சியை மூடிக்கொண்டே, "ஐ.சி.ய மட்டும் இனி ஆர்ட்டயும் எடுக்கமாட்டேன்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

அக்கா போகவில்லை. பெஞ்சுகளின் பக்கம் திரும்பி, முதலில் தமிழிலும் பிறகு அவளுக்குத் தெரிந்த சிங்களத்திலும் கேட்டாள்: "நேத்து அவரு இங்கதான் இருந்தாருன்னு பொலிஸ்ல வந்து சொல்ல யாராவது இருக்கீங்களா?" எல்லோரும் பேப்பருக்குள் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தமிழனுக்காக அன்று பொலிஸ் படி ஏறுவது சின்ன விஷயமல்ல. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் மெல்ல எழுந்தார். சாரமும் கசங்கிய வெள்ளைச் சட்டையும். எதிரே குடையோடு நிற்கும் சிங்களத்து அம்மாவின் புருஷன், அந்தச் சிப்பாயின் தகப்பன்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். சிப்பாயின் தகப்பன் சிங்களத்தில் சொன்னார்: "வேலை முடிந்து வந்ததிலிருந்து பந்தயக் கடை மூடும்வரை இவர் என் பக்கத்தில்தான் இருந்தார். நேற்று மட்டுமல்ல, எல்லா நாளும்."

"உங்களுக்கு என்ன வேலை?" என்று அதிகாரி கேட்டார்.

"வேலை இல்லை. மகன் ஆமியில் இருக்கிறான்."

"எங்கே?"

"வடக்கில்."

 அதிகாரி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். மகன் சண்டையில் இருக்கும்போது நீர் எல்லா நாளும் பந்தயக் கடையிலா என்று அந்தப் பார்வை கேட்டது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. அந்த மனிதர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவரின் உயிரைக் காக்க, தன் வெட்கத்தை ஒரு மேசைமேல் எடுத்து வைத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

பொழுது சாய்வதற்குள் அத்தானை விட்டுவிட்டார்கள். சிப்பாயின் தகப்பனின் கையை அத்தான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். வாரத்தில் ஒரு நாள்தான் போகிறேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருந்தவர் அவர். "எல்லா நாளும்னு அவரு சொன்னாரு இல்ல. அது உண்மைதான்" என்றார்.

"எனக்குத் தெரியாதா" என்றாள் அக்கா.

"இந்த ஊர்ல இருந்துகிட்டு என்னால விட ஏலாது. எங்கயாவது கூட்டிட்டுப் போ."

"எங்க போனாலும் உங்க காலு உங்களோடதானே வரும்."

"வரட்டும். நடந்து போறதுக்கு அங்க அந்தக் கடை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஹேவாஹெட்ட மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டுறவுக் கடைக்கு ஆள் தேவைப்பட்டது. அறிந்தவர் ஒருவர் மூலம் அந்த வேலை கிடைத்தது. நான் கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்த பாடசாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். வார இறுதியில் மலை பஸ்ஸில் ஏறி அவர்களிடம் போவேன். முதல் மாதங்கள் லேசாக இருக்கவில்லை. பொழுது சாய்ந்தால் அத்தானுக்கு இருப்புக் கொள்ளாது. பேப்பர் மலைக்கு வந்துசேர்வதற்குள் குதிரைகள் ஓடி முடிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பார். ஒருநாள் சொல்லாமல் கண்டி பஸ் ஏறியும் போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் அக்கா எதுவும் கேட்காமல் சோற்றைப் போட்டாள். அவர் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதார். எரிந்த கடையைப் பார்த்த அன்று வராத அழுகை, அத்தனை வருடம் கழித்து அன்று வந்தது. அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

அந்தக் கூட்டுறவுக் கடையில் லொத்தர் என்னும் பரிசுச் சீட்டும் விற்கச் சொன்னார்கள். அத்தான் மறுத்துவிட்டார். "வேற யாரையாவது பாத்துக்குங்க. கொழுந்து பறிச்ச காச நான் கையால வாங்கி அதுக்குப் போட மாட்டேன்" என்றார். வேலையே போய்விடுமோ என்று நான் பயந்தேன். போகவில்லை. கடைக்கு வெளியே ஒரு சிறுமேசை போட்டு வேறொருவர் விற்றார். தோட்டத்துச் சனம் வரிசையில் நின்று வாங்கியது. யாரையும் தடுக்க அத்தானால் முடியவில்லை. தன் கையைத் தடுக்க முடிந்தது.

சிப்பாயின் தகப்பனைச் சில வருடங்களுக்குப் பிறகு கண்டி வாவிக் கரையில் ஒருமுறை கண்டேன். மகன் காலில் காயத்தோடு உயிருடன் வீடு வந்துவிட்டான் என்றார். அத்தானைப் பற்றி விசாரித்தார். பந்தயத்தை விட்டுவிட்டார் என்று சொன்னேன். "நல்லது, ஒருவராவது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு கடைத்தெருப் பக்கமாக ஏறிப் போனார்.

யுத்தம் முடிந்தபின் அத்தானும் அக்காவும் ஊர் திரும்பி, கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். இப்போது அத்தகைய கடைகளுக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்துவிட்டன. உள்ளே குதிரை ஓடுவதையே பெரிய திரையில் பார்க்கலாமாம். கடைக்குப் போகத் தேவையில்லாமல் தொலைபேசியிலேயே பந்தயம் கட்டும் பையன்கள் என் வகுப்பறை வரை வந்துவிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஓய்வு பெற்றேன். யாருடைய அக்காவோ எங்கேயோ கறியைத் தீயவிட்டுக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்பென்றால் பந்தய முடிவுகள் வரத் தொடங்கும் நேரம். அக்கா கதிரையில் காலை நீட்டி, ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தானைக் காணவில்லை.

"அத்தான் எங்கக்கா?"

"தெரியாதுடி" என்றாள், போஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிய போனாரு. வருவாரு. நீ தேத்தண்ணி குடிக்கிறியா?"

தெரியாது என்ற சொல்லை அவ்வளவு நிம்மதியாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.