துவைக்காத சட்டை

பூச்சிக்காரி என்று சொன்னால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். அடிவாரத்துத் தக்காளித் தோட்டங்களில் பொறி கட்டுவது அவள் வேலை. ஊசிப்புழு என்று ஒரு வேண்டாத விருந்தாளி; எங்கிருந்தோ வந்து தக்காளி இலைக்குள் புகுந்து, பச்சையைத் தின்று, தோட்டத்தையே கருக்கிவிட்டுப் போகும். அதன் ஆண் அந்துப்பூச்சியை இழுக்க, பெண்பூச்சியின் வாசனை ஏற்றிய ஒரு ரப்பர் வில்லையைப் பொறிக்குள் வைப்பார்கள். வேலையில் அவள் சூரப்புலி, ஒழுங்கில்தான் கொஞ்சம் அப்படி இப்படி. வில்லையை இடுக்கியால் எடுக்கச் சொன்னால் கையால் எடுப்பாள். கையைச் சட்டையில் துடைப்பாள். மேலே போட்டுக்கொள்ளும் அந்த வேலைச் சட்டையை வேலை நேரம் தவிர அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதை மாட்டிக்கொண்டுதான் விடுமுறைக்கு மலை ஏறி அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

அக்கா தக்காளி நாற்று வளர்க்கிறவள். மேட்டுத் தோட்டங்கள் அத்தனைக்கும் அவள் நாற்றுதான். "எங்க குளிருக்கு உன் பூச்சியெல்லாம் வெறைச்சுச் செத்துடும்டி" என்று பெருமையடிப்பாள். முன்பு அது உண்மையும்கூட. குளிர்காலம் வந்தால் நாற்றுக்கூடத்தின் கூரையில் உறைபனி வெள்ளையாகப் படியும். இப்போதெல்லாம் பனி எட்டிப் பார்ப்பதோடு சரி. நாற்று மளமளவென்று வளர்வதில் அக்காவுக்கு ஏக சந்தோஷம். பூச்சி மேட்டுக்கும் ஏறியிருக்கும், அங்கேயும் பொறி வேண்டும் என்று பூச்சிக்காரி மேலாளரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். கீழே கட்டவே பொறி பத்தவில்லை என்பார் அவர்.

வந்த அன்றே அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்பக்கத்துக் கொடியில் வீசினாள். மறுநாள் விடிந்ததும் வாளியில் சோப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு கொடிப்பக்கம் போனாள். நாற்றுத் தட்டுகளை ஏற்ற வேன் வருகிற நாள் அது. அதற்குள் துணி வேலையை முடித்துவிட நினைத்தாள்.

"ஏய், உன் சட்டையில என்னடி மொய்க்குது?"

பூச்சிக்காரி பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு வந்து எட்டிப் பார்த்தாள். சட்டைப் பையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், அரிசி நீளத்துக்கு, குட்டி அந்துப்பூச்சிகள் வட்டமடித்தன. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேட்டில் இருக்கிறது என்று இவ்வளவு நாள் கத்திக்கொண்டிருந்தவளுக்கு, அதுவே தேடி வந்து சட்டையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? "வந்துடுச்சுக்கா, வந்துடுச்சு" என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீதானே கொண்டு வந்திருக்கே?"

"சட்டையில வாசனைதான் இருக்கு, பூச்சி இல்ல. இங்கயே இருக்கிறதுதான் வாசனைக்கு வருது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'இங்க' எங்கே என்று அவளுக்கு உறைத்தது. இருவரும் நாற்றுக்கூடத்துக்கு ஓடினார்கள். வாசலருகே தட்டுகள் சுத்தமாக இருந்தன. கடைக்கோடியில், வெயில் நன்றாக விழும் மூலையில், இலைகளில் வெள்ளைத் திட்டுகள். ஓர் இலையைப் பூச்சிக்காரி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே பச்சைப் புழு ஒன்று நெளிந்தது.

அக்காவின் முகத்தைப் பார்த்ததும், தான் சொன்னது சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மேலாளருக்குப் போன் போட்டாள். சட்டை கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

"யாரும்மா உன்னை அதை வெளியே கொண்டுபோகச் சொன்னது?" என்று அவர் எகிறினார். பிறகு அவர் குரலும் பரபரத்தது. "துவைச்சிடலயே? துவைக்காதே. அப்படியே தொங்கட்டும். பொறி எடுத்துக்கிட்டு நானே வர்றேன். நாற்று ஒண்ணுகூட வெளியே போகக் கூடாது."

வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது.

"முன்பக்கத்துத் தட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு, அதையாவது அனுப்பக் கூடாதா?" என்றாள் அக்கா.

"முட்டை இருந்தா கண்ணுக்குத் தெரியாதுக்கா. இது வேன்ல ஏறிப் போச்சுன்னா மேடு முழுக்க நீயே கையால விதைச்ச மாதிரி."

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒரு பருவத்து உழைப்பு வரிசை வரிசையாக அவள் முன்னால் பச்சைப்பசேலென்று இருந்தது. வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அவள் வாசலுக்குப் போனாள்.

"இந்தத் தடவை என்கிட்ட நாற்று இல்லப்பா. எல்லாத் தோட்டத்துக்கும் சொல்லிடு. பூச்சி வந்திருக்குன்னும் சொல்லு, மறைக்காதே."

திரும்பி வந்தவள் கடைக்கோடிக்குப் போய், திட்டு விழுந்த தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். சட்டைக்காகக் கரைத்த சோப்புத் தண்ணீரில் அதைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

"பார்த்துக்கிட்டு நிக்காதேடி" என்றாள், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு. "அடுத்ததை எடு."