உப்பு என்று கழுவிய பப்பாசி

விவசாய அலுவலர் வேலையில் என் இடுப்பு போனது மோட்டார் சைக்கிளாலா, குனிந்து குனிந்து இலை புரட்டியதாலா தெரியாது. அன்று பாலாவி தாண்டி, உப்புநீர்க் களப்போரமாக ஒரு பப்பாசித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டக்காரப் பெண், 1990இல் யுத்தத்தின் நடுவே முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, சிறு பிள்ளையாக மன்னாரிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்டு வந்தவர். அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த வெண்மூட்டுப்பூச்சி அயல் தோட்டங்களுக்குப் பரவும் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதிகம் என்றால் மரங்களை வெட்டி எரிக்க வேண்டும். ராத்தாவோ நோன்பு வியாபாரத்தை நம்பி அத்தனையையும் நட்டிருந்தார். காய்கள் முற்றத் தொடங்கியிருந்தன.

இலைகளின் அடியெல்லாம் மாத் தூவியதுபோல் வெள்ளை.

“இது எப்ப இருந்து, ராத்தா?”

“காத்துத் தொடங்கினதில இருந்து, மிஸ். உப்புத்தானே பூத்திருக்கு. நான் ஒவ்வொரு நாளும் பைப்பால தண்ணி அடிச்சுக் கழுவுறன்.”

“கழுவக் கழுவக் குறைஞ்சதா?”

“எங்க குறைஞ்ச! கூடிட்டு. காத்து மோசமெண்டு நினைச்சன்.”

இந்தப் பக்கத்தில் வெள்ளையாக எது படிந்தாலும் உப்புதான். ஜன்னல் கம்பி, சைக்கிள், கொடியில் காயும் துணி, எல்லாவற்றையும் கழுவிப் பழகிய கை. ஆனால் இந்தப் பூச்சியின் குஞ்சுகள் தண்ணீரோடு ஓடி அடுத்த மரத்தில் ஏறிவிடும். எனக்கு வந்ததே ஓர் எரிச்சல்! அவர்மேல் இல்லை, அந்தக் குழாய்மேல். அது இழுபட்ட வழியே நடந்தேன். வரிக்கு வரி வெள்ளை. வேலிக்கு அப்பால் அயலவரின் பப்பாசி இன்னும் சுத்தமாக நின்றது.

நடுத்தரம் என்று சொல்லிவிடு என்று மனம் கெஞ்சியது. சொன்னால் அடுத்த மாதம் வேலிக்கு அந்தப் பக்கமும் இதே வெள்ளை. யா அல்லாஹ், இந்த மூன்று சொற்களையும் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது என்னோடு வந்து இப்படி நிற்கட்டும். களைத்துப்போனேன்.

“ஆபத்து அதிகம், ராத்தா. எல்லாத்தையும் வெட்டத்தான் வேணும்.”

அவர் முக்காட்டை இழுத்துவிட்டு மரங்களை ஒரு முறை பார்த்தார்.

“எத்தின மணித்தியாலம் தாறீங்க, மிஸ்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “மணித்தியாலமா? ஒரு கிழமை, முழுசா ஏழு நாள் இருக்கு, ராத்தா.”

“அப்ப பரவாயில்ல,” என்றார். “மன்னாரில இவ்வளவு தரல்ல.”