எந்த ஊர் என்று கேட்டவன்

நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கெபெக் மாகாணத்தில், சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் மேல்மாடி. கீழே குளியலறை ஓடு விற்கிறார்கள். ஊரில் யுத்தத்தின்போது நடந்ததைக் கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்களை ஒளிப்பதிவு செய்து, என்றைக்காவது ஒரு நீதிமன்றம் கூடினால் கொடுப்பதற்காகக் கணினியில் பூட்டி வைப்பதுதான் எங்கள் வேலை. சும்மா பூட்டு அல்ல. பெயருக்குப் பதில் இலக்கம், மாற்றிய குரல், மங்கலாக்கிய முகம். எங்கள் பொறுப்பாளர் ஒரு கெபெக் வழக்கறிஞர். இந்தப் பூட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். எனக்கு எரிச்சல் வரும். எங்கள் சனத்தைப் பற்றி அந்த மனுசனுக்கு என்ன தெரியும்?

மட்டக்களப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவள். அவளுடைய அண்ணனை வீட்டு வாசலில் வைத்துச் சீருடைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஏற்றியவர்களில் ஒருவனின் முகம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊரில் இப்போது மிச்சம் ஒரு தம்பிதான். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறான், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“நான்தான் சொன்ன எண்டு ஒருத்தருக்கும் தெரியப்படா அக்கா. தெரிஞ்சா தம்பிட கதை முடிஞ்சிடும்,” என்றாள். தெரியாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் இப்படி ஒரு காப்பகம் இருப்பதே சனத்துக்குத் தெரியாவிட்டால் மற்றவர்கள் எப்படி வந்து சொல்வார்கள்? அதற்காக, எங்கள் சனம் நிறைய இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். அவளுடைய பதிவில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுக் காட்டுவதென்று முடிவாயிற்று. அவளே இருந்து பார்த்துச் சம்மதித்த துண்டு. தான் குடியிருக்கும் கட்டடம் முழுக்கக் கூட்டத்துக்குப் போகும்போது தான் மட்டும் போகாவிட்டால் கேள்வி வரும் என்று அவளும் வந்து நடு வரிசையில் இருந்தாள்.

திரையில் மங்கலான உருவம் பேசத் தொடங்கியது. “அண்ணன் செத்தாரெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அதால திவசம் குடுக்க ஏலா. அவர்ட பிறந்தநாளுக்கு வருசா வருசம் கேக் எடுத்து அக்கம்பக்கத்துக்குக் குடுக்கிறன். கொண்டு போனவன்ட முகம் எனக்கு இப்பவும் தெரியும்.”

அவளுடைய கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு அன்ரி இருக்கிறார். யாழ்ப்பாணத்து மனுசி, பெரிய மனம், அதைவிடப் பெரிய குரல். கேக் என்றதும் திரும்பி அவளைப் பார்த்தார். அன்ரி எழும்பி, வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு போய் அவளைக் கட்டிப்பிடித்தார்.

“ஐயோ என்ர பிள்ளை! ஆருடைய கேக் எண்டு தெரியாமல் வருசா வருசம் வாங்கித் திண்டனே!”

செத்தவீட்டு அழுகை. அப்படி ஒருவர் தொடங்கினால் எங்கள் ஆட்கள் கதிரையில் இருப்பார்களா? ஒவ்வொருவராக எழும்பிப் போய் அவளுடைய கையைப் பிடித்தார்கள். அத்தனை பேரும் உண்மையாகவே அழுதார்கள். அவள் ஒருவரையும் விலக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் எடுக்க வேண்டாம் என்று கதவில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தோம். கல்யாணம், சாமத்திய வீடு எதுவானாலும் முகநூலில் நேரலை போடும் அண்ணை ஒருவர் அன்றைக்கும் போட்டுக்கொண்டிருந்தார். பாய்ந்து போய்க் கத்தினேன்.

“உலகம் பாக்கட்டும் எண்டுதானே தங்கச்சி போட்டனான்,” என்றார். முகம் செத்துப்போய் உடனேயே அழித்தார். அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது மெட்ரோவில் அந்தப் பக்கங்களில் வந்திருந்த கருத்துகளைப் படித்தேன். ஆழ்ந்த அனுதாபங்கள், அழும் முகங்கள், கும்பிடும் கைகள். நடுவில் படமில்லாத ஒரு கணக்கு, ‘இந்த அக்கா எந்த ஊர்?’ என்று கேட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது போதாதா? ஒருவர் ஊரைச் சொல்லியிருந்தார். இன்னொருவர், கோயிலடி ஒழுங்கை என்று திருத்தியிருந்தார். வேறொருவர், தம்பி இப்பவும் அங்கேதான், சந்தியில் ஆட்டோ வைத்திருக்கிறான், தங்கமான பிள்ளை என்று எழுதியிருந்தார். கேட்டவன் நன்றி சொல்லியிருந்தான்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. அது நல்ல அறிகுறி என்றார் பொறுப்பாளர். நானோ தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவளோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பிறகு ஊரில் அவளுடைய தம்பி வீட்டுக்குச் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகக் கதைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறை வரும்போது, தம்பியின் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தாங்களே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

சனிக்கிழமை அவள் காப்பகத்துக்கு வந்தாள். பதிவை அழிக்கச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சாட்சி கேட்டால் அழிப்பது எங்கள் விதி.

“அழிச்சாப் போதாது எண்டு தம்பிக்கிட்ட சொல்லியிருக்கானுகள் அக்கா. என்னை இன்னொருக்கா எடுங்க. அண்ணன ஒருத்தரும் புடிக்கல்ல, அவர் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனவர் எண்டு சொல்லோணுமாம்.”

“பொறு தங்கச்சி, பொறுப்பாளரைக் கூப்பிடுறன்.”

“திங்கக்கிழம பள்ளிக்கூடம் துறக்க முதல் அனுப்போணும்,” என்றாள்.

பொறுப்பாளரைக் கூப்பிடவில்லை. கமெராவைப் பொருத்தினேன். பழக்கதோசத்தில், முகம் இருட்டில் விழட்டும் என்று விளக்கை அவளுடைய முதுகுப் பக்கம் வைத்தேன்.

“அத முன்னால வைங்க அக்கா. முகம் வடிவா தெரியோணுமாம்.”

விளக்கை முன்னால் கொண்டுவந்து வைத்தேன். அவள் தன் முழுப்பெயரைச் சொல்லித் தொடங்கினாள்.